பேர் வேறு, சத்தம் வேறு

"எங்கள் ஊரில் ஒரு கிணறு இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மாடு வந்து தண்ணீர் குடிக்கிறது."

புத்தகத்தை இடது கையில் ஏந்தி, வலது கை விரலை வரிக்கு அடியில் ஓட்டி, எட்டு வயது வள்ளி தட்டாமல் தடுமாறாமல் வாசித்தாள். எதிரில் நின்ற அவள் அம்மா நஞ்சம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும், என்னமோ ஏதோ என்று பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தவள் அவள். இதைக் காட்டத்தான் கூப்பிட்டாரா இந்த வாத்தியார் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பிடிப் படிக்கறா, பாத்தீங்களா?" என்றார் மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஆத்தப்பன்.

"நல்லாத்தானுங்க படிக்கறா."

 வாத்தியார் வள்ளியின் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாகத் திருப்பி நஞ்சம்மாளிடம் காட்டினார்.

"படத்தைப் பாருங்கம்மா. சந்தை. கத்திரிக்காய்க் கூடை வச்சுட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. இந்தப் பக்கத்துல கிணறும் இல்ல, மாடும் இல்ல. கிணத்துப் பாடம் பதினோராம் பக்கம். உங்க புள்ளைக்கு ஒரெழுத்துக்கூடத் தெரியாது. புத்தகம் பூராவும் மனப்பாடமா வச்சிருக்கா."

நஞ்சம்மாள் படத்தை அப்போதுதான் பார்த்தாள். புத்தகம் என்றால் அவள் கண் தானாக வேறு பக்கம் போய்விடும். அது அவளுக்கு வெகுநாள் பழக்கம்.

இது 1964-ஆம் வருஷம், மாசி மாதம். நஞ்சம்மாளுக்கு வள்ளி, தெய்வானை என்று இரட்டைப் பெண்கள். முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் பிறந்த பிள்ளைகள் என்பதால் அந்தப் பேர். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. தெய்வானைக்கு மஞ்சள் காமாலை வந்து, பத்து நாளாக உப்பில்லாத சோறும் கீழாநெல்லியுமாக வீட்டில் படுத்திருந்தாள். அதனால்தான் வள்ளி மாட்டிக்கொண்டாள். எந்தப் பக்கம், எந்த வரி என்று இத்தனை நாளும் முழங்கையால் இடித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் தெய்வானை.

"பங்குனி கடைசியில பெரிய பரீட்சை. தெய்வானை பாஸாகி நாலாம் வகுப்புக்குப் போயிருவா. இவள நான் ஒண்ணாம் வகுப்புக்குத்தான் எறக்கோணும். வேற வழி இல்லீங்க," என்றார் ஆத்தப்பன்.

"நீங்களே பொழுதோட கொஞ்சம் சொல்லிக்குடுக்கக் கூடாதுங்களா, சாமி?"

"எனக்குத் தெரிஞ்சது நூறுதரம் எழுத வைக்கறது. அதையும் பண்ணிப் பாத்துட்டேன். பலகைல 'படம்'னு எழுதி வாசிக்கச் சொன்னா, பானா, டானா, இம்மன்னான்னு கரெக்டாச் சொல்றா. கூட்டிச் சொல்லுன்னா 'பானை'ங்கறா. எழுத்தோட பேரு தெரியுது, சத்தம் தெரியல. சத்தத்தை வச்சுச் சொல்லிக்குடுக்கற மொறை ஒண்ணு இருக்குது. ட்ரெயினிங்ல ஒருதரம் காமிச்சாங்க. அம்பத்தாறு புள்ளைகள வச்சுட்டு என்னால ஆகாதுங்க. அப்பிடிச் சொல்லிக்குடுக்கற ஆரையாவது தேடிப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் தெய்வானை அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மஞ்சள் பாய்ந்த கண்ணில் தண்ணீர் வழிய, "அவளுக்கு அடி விழக்கூடாதுன்னுதானுங்கம்மா," என்றாள். வள்ளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

நஞ்சம்மாளின் புருஷன் மருதாசலம் அதே கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டுபவன். கோபக்காரன் இல்லை. விஷயத்தைக் கேட்டு, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "ஏறாத படிப்ப எதுக்குப் புள்ள ஏத்தறது? தெய்வானை படிக்கட்டும். வள்ளியக் கைமடிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பது கைமடி. அந்த வேலையில் எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் கம்பெனியிலேயே இருந்தார்கள். நஞ்சம்மாள் அவர்களைத் தினமும் பார்க்கிறவள். "பரீட்சை வரைக்கும் பாக்கலாமுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவள் புருஷனுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. ஊத்துக்குளிப் பக்கம் அவள் பிறந்த ஊரில், அவளும் மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனாள். எழுத்து அவள் கண்ணுக்கு நிற்கவே இல்லை. கொம்பு எந்தப் பக்கம், சுழி எந்தப் பக்கம் என்று தினமும் ஒரு சந்தேகம், தினமும் ஒரு அடி. தலையில் இருப்பது களிமண் என்று வாத்தியார் சொன்னதை ஊரே திருப்பிச் சொல்லிற்று. கடைசியில் அவள் அப்பா நிறுத்திவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் படிப்பைக் கேட்டபோது, "பள்ளிக்கூடமே போகலீங்க," என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். போகாமல் இருந்தால் ஒரு கேவலமும் இல்லை. மூன்று வருஷம் போயும் தெரியவில்லை என்பதுதான் கேவலம். கம்பெனியில் மயில் படம் போட்ட லேபிள் ஒரு ரகம், மான் படம் போட்டது ஒரு ரகம் என்று பார்த்து வைத்திருந்தாள். சைஸ் நம்பர் தெரியும். அதில் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது வள்ளியின் தலையைச் சீவும்போதெல்லாம், இது என்னிடமிருந்து போனதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தேட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை வாலிபாளையத்தில் டியூஷன் எடுக்கும் ஒருவரிடம் கூட்டிப்போனாள். பலகைக்கு முன்னால் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். வள்ளியும் உட்கார்ந்து கத்தினாள். வாசலில் நின்று பார்த்த நஞ்சம்மாளுக்கு ஒன்று பிடிபட்டது. எல்லோர் வாயும் திறந்த பிறகு ஒரு நொடி கழித்துத்தான் வள்ளியின் வாய் திறந்தது. அந்தத் தந்திரம் அவளுக்குத் தெரியும். அவளும் மூன்று வருஷம் செய்தது அதுதான். மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

காங்கேயம் ரோட்டில் ட்ரெயினிங் முடித்த ஒரு அம்மா இருந்தார். எட்டாம் வகுப்புக்குக் கீழே எடுப்பதில்லை என்றார். ரயில்வே காலனியில் இருப்பதாகச் சொன்ன இன்னொருவர் மாற்றலாகிப் போயிருந்தார். மாசி பாதி போய்விட்டது. செக்கிங் மேசையில் பனியனை விரித்து ஓட்டை பார்க்கும்போது நஞ்சம்மாளின் கண் துணியில் இருக்கும், மனது நாளை எண்ணிக்கொண்டிருக்கும். இரண்டு முறை எண்ணெய்க் கறையை விட்டுவிட்டுச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள்.

ஒரு நாள் பெட்டியில் ஒட்டும் லேபிள் வந்து சேரவில்லை. நாலு கட்டடம் தள்ளியிருந்த அச்சாபீசுக்குப் போய் வாங்கி வரச் சொல்லி அவளை அனுப்பினார்கள். பிரஸ் முதலாளி பொங்கியண்ணன் வெளியே போயிருந்தார். மிஷின் ஓட்டுபவர் உள்ளே கை காட்டினார். எழுத்துப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ம்ம்ம்அஅ... ர்ர்ர்அஅ... ம்ம்ம்."

"மரம்!" என்றது ஒரு சின்னக் குரல்.

நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பெண், விரல் நுனியெல்லாம் மை. எதிரே கவிழ்த்த பெட்டியில் பொங்கியண்ணனின் ஐந்து வயது மகள். இருவருக்கும் நடுவில் தரையில் காகிதத் துண்டுகள். போஸ்டருக்கு வைக்கும் பெரிய மர எழுத்துகளை வீணான தாளில் அடித்து, ஒவ்வொன்றாகக் கத்தரித்தவை. ஐந்து வயதுப் பிள்ளை அதை எடுத்து மாற்றி மாற்றி வைத்து, சத்தத்தை இழுத்து, சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

லேபிள் வாங்க வந்ததே நஞ்சம்மாளுக்கு மறந்துவிட்டது. "ஏனுங்கம்மணி, இது சத்தத்த வச்சுச் சொல்லிக்குடுக்கறதுங்களா? என்ர புள்ளைக்குச் சொல்லிக்குடுப்பீங்களா?"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "சொ... சொ... சொ..." கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொல் வரவே இல்லை.

நஞ்சம்மாளுக்குப் பொக்கென்று ஆகிவிட்டது. இத்தனை நாள் தேடிக் கிடைத்தது ஒரு திக்குவாயா?

அவள் பேர் குழந்தையம்மாள். அச்சுக் கோக்கும் வேலை. சின்ன வயதில் பேச வாயெடுத்தாலே வீட்டில் அறை விழுமாம். பிறகு அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். முதல் சத்தத்தை நூல் இழுப்பதுபோல மெல்ல இழுத்தால் மீதிச் சொல் பின்னாலேயே வந்துவிடும். அப்படி ஒவ்வொரு சொல்லையும் சத்தம் சத்தமாகப் பிரித்துப் பார்த்தே வளர்ந்தவள். இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. நஞ்சம்மாள் அவசரப்படுத்தவில்லை. ஆனால் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வள்ளியை அழைத்துப்போய் விட்டாள். குழந்தையம்மாள் மூன்று துண்டுகளை வைத்தாள்.

"பானா, டானா, இம்மன்னா. பானைங்கக்கா," என்றாள் வள்ளி, அடிக்குத் தோளைச் சுருக்கிக்கொண்டே.

குழந்தையம்மாள் சிரிக்கவில்லை. "நா... நாயோட பேரு என்ன கண்ணு?"

"நாய்."

"அது கொலைக்கறப்ப 'நாய், நாய்'னா கொ... கொலைக்குது?"

வள்ளி ஒரு நொடி திகைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். வாத்தியார் கூப்பிட்டனுப்பிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை சிரித்து நஞ்சம்மாள் பார்க்கவில்லை.

"எழுத்துக்கும் அப்பிடித்தான். பேரு வேற, சத்தம் வேற. பேர உட்டுரு. அது எ... எப்பிடிக் கத்துதுன்னு மட்டும் பாரு. பஅஅ... டஅஅ... ம்ம்ம்."

அன்றிலிருந்து தினமும் நாலரை மணிக்கு வள்ளி பிரஸ்ஸுக்குப் போனாள். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து நஞ்சம்மாள் வந்து கூட்டிக்கொள்வாள். சனிக்கிழமை ஒரு தூக்குப்போசியில் கொள்ளுப்பருப்பு கடைந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். முதலில் இழுக்க வரும் சத்தங்கள்: ம, ர, ல, ழ. பிறகு வெட்டிக்கொண்டு நிற்கும் சத்தங்கள். இரண்டு வாரத்தில் வள்ளி கடைப் பலகைகளுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு வரும் வழி இரண்டு மடங்கு நீண்டுபோயிற்று.

"பாஆஆ... ல்ல்ல். பால். செரிங்களாம்மா?"

"செரி கண்ணு."

"உப்... பு. செரிங்களா?"

"செரி, செரி."

செரியா தப்பா என்று நஞ்சம்மாளுக்கு எங்கே தெரியும்? பலகையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பாள். பிள்ளையின் முகத்தில் சந்தேகம் இல்லையென்றால் செரி என்பாள். தப்பைச் செரி என்று சொல்லிப் பிள்ளையைக் கெடுக்கிறேனோ என்ற பயம் ஒவ்வொரு பலகைக்கும் நெஞ்சில் ஒரு முள்ளாகக் குத்தும்.

காமாலை தெளிந்து தெய்வானையும் கூட வந்த முதல் நாளே அது வெளிப்பட்டது. ஒரு கடைக்கு முன்னால் வள்ளி, "கா... பி... கடை. செரிங்களாம்மா?" என்றாள். "செரி கண்ணு," என்றாள் நஞ்சம்மாள்.

"தப்பு," என்றாள் தெய்வானை. "காப்பிக் கொட்டைன்னு எழுதியிருக்குது."

வள்ளி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நஞ்சம்மாள் வேகமாக நடந்தாள். அதற்குப் பிறகு வள்ளி அம்மாவிடம் செரியா என்று கேட்கவே இல்லை. வழியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான்.

இதற்குள் பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் பேச்சை ஆரம்பித்திருந்தாள். "ஏனக்கா, வேற ஆளே கெடைக்கலியா? திக்குவாய்கிட்ட உட்டா புள்ளைக்கும் ஒட்டிக்குமே. என்ர பெரியப்பன் ஊட்டுல அப்பிடித்தான் ஒண்ணு ஆயிருச்சு. பொட்டப்புள்ள. நாளைக்கு ஒருத்தன் கட்டோணும்."

அந்தப் பேச்சு நஞ்சம்மாளின் காதில் விழுந்து உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. வள்ளி சாப்பிடும்போதும் விளையாடும்போதும் அவள் வாயையே பார்த்தாள். பிள்ளை கொஞ்சம் யோசித்துப் பேசினாலும் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். படிப்பு வருவதற்காகப் பேச்சைத் தொலைக்கிறோமோ? எது பெரிய நஷ்டம்? யாரிடம் கேட்பது?

பங்குனி பத்தாம் தேதி வாக்கில் அது நடந்தது. காலையில் மருதாசலம் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, த்த்த்அஅ... ண்ண்... ணி வேணுங்களா?" என்றாள் வள்ளி.

மருதாசலத்தின் கை இட்லியோடு நின்றது.

"ச்ச்அஅ... ட்... னி போதுங்களா?" என்றாள் தெய்வானை, அதே மாதிரி இழுத்து.

மருதாசலம் எழுந்துவிட்டான். "ஒண்ணு போயி ரெண்டாச்சா! ஊர் சொன்னப்ப நான் கேக்கல. படிக்கத் தெரியாட்டிப் போகுது, நல்ல வாயோட இருக்கட்டும். இன்னையிலிருந்து அந்தப் பக்கமே போகக் கூடாது." சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல் கம்பெனிக்குப் போய்விட்டான்.

நஞ்சம்மாள் அடுப்புக்கு முன்னால் அசையாமல் நின்றாள். பிறகு வள்ளியின் இரண்டு தோளையும் பிடித்து, "நேத்து பள்ளிக்கூடத்துல என்னென்ன நடந்துச்சு? கடகடன்னு சொல்லு பாக்கலாம்," என்றாள். வள்ளி மூச்சு விடாமல் சொன்னாள். யார் யாரோடு சண்டை, யார் பலகை உடைந்தது, வாத்தியார் யாரை முட்டி போட வைத்தார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"அப்பறம் எதுக்குக் கண்ணு அப்பிடி இழுத்துப் பேசுன?"

"இழுத்தா எழுத்து தெரியுதுங்கம்மா. தண்ணிக்கு மூணெழுத்து. நடுவுல புள்ளி வச்சது ஒண்ணு ஒளிஞ்சிருக்குது."

நஞ்சம்மாளுக்கு அழுகை வந்தது, தைரியம்தான் முழுசாக வரவில்லை. இன்றைக்கு விளையாட்டு, நாளைக்குப் பழக்கமாகிவிட்டால்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரஸ்ஸுக்குப் போனாள். பிள்ளை இனி வராது என்று சொல்லத்தான் போனாள். வாய் வரவில்லை. குழந்தையம்மாள் அவள் முகத்தைப் பார்த்து, தானே தெரிந்துகொண்டாள்.

"எ... எனக்கும் அந்தப் பயம் இருக்குதுங்கக்கா," என்றாள் தலையைக் குனிந்தபடி. "தெனமும் வள்ளி போனதுக்கப்பறம், இன்னைக்கு எங்கியாவது த... தட்டுனாளான்னு யோசிச்சுப் பாத்துட்டே இருப்பேன். இதுவரைக்கும் இல்லீங்க. ஆனா அது ஒட்டாதுன்னு என்னால ச... சத்தியம் பண்ண முடியாது. எனக்குத் தெரியாது."

பொய் சொல்லியிருந்தால் நஞ்சம்மாள் ஒருவேளை நம்பாமல் போயிருப்பாள். தெரியாது என்று சொன்னது அவளைப் பிடித்து நிறுத்திற்று. வந்த வார்த்தையைச் சொல்லாமலே திரும்பினாள்.

நேராக நிட்டிங் மிஷின்கள் ஓடும் கொட்டகைக்குப் போனாள். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. மருதாசலம் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். வரிசையாக அடுக்கியிருந்த நூல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று அவள் சொன்னாள்.

"நானும் மூணு வருசம் பள்ளிக்கூடம் போனேனுங்க."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"போகலைன்னு உங்ககிட்டச் சொன்னது பொய். மூணு வருசம் போயி ஒரெழுத்துத் தெரியல. வள்ளி மாதிரியேதான். நானும் வாயத்தான் அசைச்சுட்டு இருந்தேன். பஸ்ஸுல ஊர்ப் பேரப் பாக்க முடியாம, ஆரையாவது கேட்டா சிரிப்பாங்களோன்னு ரெண்டு பஸ்ஸ உட்டுட்டு நின்னிருக்கேன். கைநாட்டு வைக்கறப்ப இன்னைக்கும் ஆராவது பாக்கறாங்களான்னு சுத்திப் பாப்பேன். உங்ககூட ஒம்போது வருசமா இந்தப் பயத்தோடதான் இருக்கேன். திக்குனா வெளிய தெரியும். இது வெளிய தெரியாம உள்ளயே அரிக்குமுங்க. அவளுக்கு இது வேண்டாமுங்க."

 மருதாசலம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெண்டாட்டிக்கு எழுத்துத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். அதில் இத்தனை இருக்கிறது என்பது தெரியாது. "இதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன புள்ள?" என்றான். 

அன்று மாலை அவனே வள்ளியைப் பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போனான்.  மிஷினிலிருந்து வந்த ஒரு நோட்டீஸை எடுத்து வள்ளியிடம் நீட்டினான். மை இன்னும் காயவில்லை. இன்று அச்சடித்ததை யாரும் மனப்பாடம் பண்ணியிருக்க முடியாது. வள்ளி தரையில் உட்கார்ந்து விரலை வைத்தாள். "சாஆஆ... ய... ம்ம்ம். சாயம். போ... கா... த... து. சாயம் போகாதது." அதற்கே வெகு நேரம் பிடித்தது. நெற்றியில் வேர்வை. மருதாசலம் அடுத்த வரியைக் கேட்கவில்லை.

"பரீட்சை வரைக்கும் வரட்டும்," என்றான். திரும்பி நடந்தவன், நின்று, "இட்லி திங்கறப்ப மட்டும் இழுக்க வேண்டாம்," என்றான்.

பரீட்சை நாளில் நஞ்சம்மாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே, உள்ளே தெரியாத மாதிரி நின்றாள். ஆத்தப்பன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்பின் பார்த்திராத நாலு வரியை எழுதிய அட்டையை வாசிக்க வைத்தார். தெய்வானை வாசித்தது கேட்டது. கால் நிமிஷம். பிறகு வள்ளியின் பேர்.

சத்தமே இல்லை.

நஞ்சம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். உள்ளே யாரோ செருமினார்கள். இன்னும் சத்தமில்லை. அவள் கால் தானாகப் பின்னால் போயிற்று. அப்போது கேட்டது: "வ்வ்அஅ... ய... ல்ல்ல்..."

"திக்கு! திக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கத்த, வகுப்பே சிரித்தது. நின்றுவிடுவாள் என்று நஞ்சம்மாள் நினைத்தாள். தானாக இருந்தால் நின்றிருப்பாள். பிரம்பு மேசையில் விழுந்தது. "வாய மூடுங்க. அவ படிக்கறா. எனக்குக் கேக்கோணும்," என்றார் ஆத்தப்பன்.

"வயலில்... நெஎஎ... ல்..." என்று குரல் மறுபடி தொடங்கிற்று. சில சொல் சேர்ந்து வந்தது. சில சொல் உடைந்து உடைந்து வந்து, கடைசியில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் தப்பு. அதை அவளே திரும்பப் பிரித்துச் சரிசெய்தாள்.

மத்தியானம் ஆத்தப்பன் வெளியே வந்து நஞ்சம்மாளைப் பார்த்தார். "ரெண்டரை வரி படிச்சாம்மா. நாலு வரி படிச்சிருந்தா நாலாம் வகுப்பு. பாஸ் போட்டா நான் பொய் எழுதுன மாதிரி. ஆனா ஒண்ணாம் வகுப்புக்கெல்லாம் போக வேண்டாம். மூணுலயே இன்னொரு வருசம் இருக்கட்டும். எங்கிட்டயே இருக்கட்டும்."

சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று நஞ்சம்மாளுக்குத் தெரியவில்லை. இரட்டைப் பிள்ளைகள் பிரிந்தார்கள். அடுத்த ஆனியில் பள்ளி திறந்தபோது தெய்வானை புது வகுப்பு வாசலில் நின்று அழுதாள். வள்ளி அழவில்லை. பழைய பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் விரலை வைத்தாள் என்று வாத்தியார் பிற்பாடு சொன்னார்.

குழந்தையம்மாளிடம் வள்ளி மேலும் இரண்டு வருஷம் போனாள். திக்கு ஒட்டவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வருஷமும் நஞ்சம்மாள் மகளின் வாயைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. வேலைக்கு வரும் பெண்கள் சிலர், தங்கள் பிள்ளைக்கும் எழுத்து நிற்கவில்லை என்று அவள் காதோடு வந்து சொல்வார்கள். எல்லோர் முன்னாலும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஏழெட்டுப் பிள்ளைகளை அவளே கையைப் பிடித்துப் பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். "திக்கு ஒட்டாதுங்களா?" என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். "என்ர புள்ளைக்கு ஒட்டல. உங்க புள்ளைக்கு எப்பிடியோ, எனக்குத் தெரியாது," என்பாள் நஞ்சம்மாள். இரண்டு பேர் பயந்து திரும்பிப் போனதுண்டு.

அறுபத்தெட்டில் குழந்தையம்மாளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கேட்டு வந்த தாய்மார்களுக்குக் காட்ட நஞ்சம்மாளிடம் ஆள் இல்லை. அது அவளை வெகுநாள் உறுத்திற்று.

தெய்வானை பதினொன்றாம் வகுப்பு வரை படித்தாள். வள்ளி எட்டோடு நின்றாள். பதினேழு வயதில் அதே கம்பெனியில், பெட்டிகள் வெளியூர் போகும் இடத்தில் சீட்டு எழுதச் சேர்ந்தாள். மெதுவாகத்தான் படிப்பாள், உதடு அசையும். லாரிக்காரர்கள் பொறுமையிழந்து நிற்பார்கள். ஆனால் ஊகித்துப் படிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லாததால், திண்டுக்கல் போக வேண்டிய பெட்டி திண்டிவனம் போனதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் தீபாவளி விடுமுறையில் வள்ளி அம்மாவை உட்கார வைத்தாள். காகிதத்தில் பெரிதாக எழுத்துகளை எழுதி வெட்டிப் போட்டாள். நஞ்சம்மாள் மூன்று நாள் உட்கார்ந்தாள். ம தெரிந்தது, ர தெரிந்தது. நாலாம் நாள் காலையில் துண்டுகளைப் பார்த்ததும் அவள் கண் பழையபடி தானாக வேறு பக்கம் போயிற்று.

"தலை வலிக்குது கண்ணு. என்னைய உட்டுரு," என்றாள்.

வள்ளி வற்புறுத்தவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு பனியன் பெட்டியில் போட்டு மூடினாள். நஞ்சம்மாள் முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து, "ஏங்கண்ணு, என்ர பேருல ம இருக்குதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு இருக்குதுங்கம்மா. அதுல ஒண்ணு புள்ளி வச்சு ஒளிஞ்சிருக்குது," என்றாள் வள்ளி.